பிஎக்ஸ்இ பூட்: வீட்டு ரூட்டருக்கு எவ்வளவு வேலை கொடுக்கலாம்?

கேள்வி சுருக்கமாக இது: செங்காங்கில் வீவக வீடு. தொலைத்தொடர்பு நிறுவனம் கொடுத்த ஓஎன்ஆர் பெட்டி (ஃபைபர் இணைப்பும் ரூட்டரும் ஒன்றாக உள்ளது), அதற்குப் பின்னால் ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறமூல ரூட்டர் மென்பொருள் ஏற்றிய சொந்த ரூட்டர். கேரோசலில் வாங்கிய மூன்று பழைய மினி பிசிகள். யூஎஸ்பி டிரைவைத் தூக்கிக்கொண்டு அலையாமல் மூன்றிலும் பிஎக்ஸ்இ முறையில், அதாவது கணினி நெட்வொர்க்கிலிருந்தே கோப்பை இறக்கி எழும் முறையில், லினக்ஸ் ஏற்ற வேண்டும். ரூட்டரில் எஃப்டிபி ஏற்கெனவே ஓடுகிறது. ஆனாலும் திரையில் ‘நோ பூட் ஃபைல்நேம் ரிசீவ்டு’ என்றே வருகிறது. எஃப்டிபி போதாதா?

போதாது. கோப்பு அனுப்பும் முறைகளான எஃப்டிபி, எஸ்எஃப்டிபி, டிஎஃப்டிபி மூன்றும் பெயரில்தான் பங்காளிகள். எஃப்டிபி பயனர்பெயர், கடவுச்சொல் கேட்டு டிசிபி 21ஆம் போர்ட்டில் பேசுவது. எஸ்எஃப்டிபி எஸ்எஸ்ஹெச் என்ற மறையாக்க இணைப்புக்குள் ஓடுவது. கணினியின் பிஎக்ஸ்இ ரோம் (எழும்போதே ஓடும் உள்நிரல்) தேடுவது டிஎஃப்டிபியை: யூடிபி 69ஆம் போர்ட், பயனர்பெயர் கிடையாது, அடைவுப் பட்டியல் கிடையாது, ‘இந்தப் பெயருள்ள கோப்பைத் தா’ என்ற ஒரே ஒரு வேண்டுகோள். 1992இல் வந்த ஆர்எஃப்சி 1350 என்ற இணையத் தர ஆவணம்தான் இன்னும் அதற்கு அடிப்படை.

உங்கள் கணினி அந்த இடம் வரைக்கும்கூட வரவில்லை. ‘பூட் ஃபைல்நேம்’ டிஹெச்சிபி (சாதனங்களுக்கு ஐபி முகவரி வழங்கும் முறை) பதிலில் வர வேண்டியது. கணினி விழித்ததும் ‘எனக்கு ஒரு முகவரி வேண்டும், நான் பிஎக்ஸ்இ கிளையன்ட், என் வகை இது’ என்று வீடு முழுக்கக் கூவும். பதிலில் முகவரியோடு, எந்தச் சர்வரில் எந்தக் கோப்பு என்பதும் இருக்க வேண்டும். உங்கள் ரூட்டர் முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிட்டது. இந்த இரண்டு வேலையையும், அதாவது டிஹெச்சிபி பதிலையும் டிஎஃப்டிபியையும், ஓபன்டபிள்யூஆர்டியில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற ஒரே நிரல் செய்கிறது. தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். வேறு ஃபர்ம்வேர் வைத்திருப்பவர்கள் டிஎன்எஸ்மாஸ்க்கை ‘வெர்ஷன்’ கேட்டு ஓட்டிப் பார்க்கவும். தொகுப்பு விருப்பங்களின் வரிசையில் ‘டிஎஃப்டிபி’ என்றிருந்தால் சரி. ‘நோ-டிஎஃப்டிபி’ என்றிருந்தால் அந்த ரூட்டரில் முயன்று பயனில்லை.

நான் பரிந்துரைக்கும் வழி: ரூட்டர் டிஎஃப்டிபி மூலம் ஒரு மெகாபைட் அளவுள்ள ஐபிஎக்ஸ்இ (ஹெச்டிடிபியும் தெரிந்த பூட் நிரல்) கோப்பை மட்டும் கொடுக்கட்டும். மற்ற கனமான கோப்புகள் எல்லாம் ஹெச்டிடிபி வழியாகப் போகட்டும். காரணம் வேகம். டிஎஃப்டிபி ஒரு துண்டை அனுப்பிவிட்டு, ‘கிடைத்தது’ என்று பதில் வரும்வரை அடுத்த துண்டைத் தொடாது. துண்டின் இயல்பளவு 512 பைட். போய்வர அரை மில்லிவிநாடி ஆகும் வீட்டு நெட்வொர்க்கில் இது விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட்தான். 1998இல் வந்த ஆர்எஃப்சி 2348 துண்டைப் பெரிதாக்க வழி செய்தது. 1468 பைட் வரை ஒரு சாதாரண ஈதர்நெட் பொட்டலத்தில் அடங்கும். அப்போதும் மூன்று மெகாபைட்டைத் தாண்டாது. 40 மெகாபைட் இனிட்ஆர்டி கோப்புக்கு (லினக்ஸ் எழும்போது முதலில் ஏற்றும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) கால் நிமிடம் காத்திருப்பீர்கள்; அதே கோப்பு ஹெச்டிடிபியில் ஓரிரு விநாடி. அதோடு, துண்டு எண் 16 பிட் என்பதால் 512 பைட் துண்டுகளில் 32 மெகாபைட்டைத் தாண்டும்போது எண் மீண்டும் பூஜ்யத்துக்குப் போகும். பழைய ரோம்கள் சில அங்கேயே குழம்பி நின்றுவிடும்.

வீட்டில் 10 ஜிகாபிட் இணையச் சந்தா இருப்பதும் இல்லாததும் இங்கே பொருட்டில்லை. மினி பிசியின் போர்ட் ஒரு ஜிகாபிட். கோப்பு வருவதோ பக்கத்து அறையிலிருந்து.

முதலில் கேபிளைச் சரிபாருங்கள். பிஎக்ஸ்இ வைஃபையில் நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கணினிகள் சொந்த ரூட்டரின் லேன் போர்ட்டில் இருக்க வேண்டும், ஓஎன்ஆர் பெட்டியின் போர்ட்டில் அல்ல. பலரும் இதில்தான் சறுக்குகிறார்கள்: ஓஎன்ஆர் தனக்கென ஒரு டிஹெச்சிபி வைத்திருக்கும், அதில் செருகிய கணினிக்கு உங்கள் ரூட்டர் கண்ணிலேயே படாது. புதிய பிடிஓ வீடுகளில் அறைக்கு அறை லேன் பாயின்ட் இருக்கும். ஆனால் அவையெல்லாம் ஒன்றுசேரும் இடத்தில், டிபி பாக்ஸ் (மின்விநியோகப் பெட்டி) பக்கம், எந்தப் பெட்டியில் செருகப்பட்டிருக்கின்றன என்பதைத் திறந்து பாருங்கள். பழைய வீட்டில் தரையோரமாக ஒரு கேட்-5இ கேபிள் போதும். வயர்லெஸ் எக்ஸ்டென்டரின் பின்பக்க போர்ட்டில் செருகுவதைத் தவிர்க்கவும். சில எக்ஸ்டென்டர்கள் கணினியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மாற்றி அனுப்புவதால் டிஹெச்சிபி பதில் திரும்பி வராது.

இன்னொரு மோதலும் உண்டு. ஓபன்டபிள்யூஆர்டியின் இயல்பு முகவரி 192.168.1.1. ஓஎன்ஆரும் 192.168.1 வரிசையிலேயே முகவரி கொடுத்தால் ரூட்டரின் வேன் (இணையம்) பக்கமும் லேன் (வீடு) பக்கமும் ஒரே வரிசையாகிவிடும், இணையம் விட்டுவிட்டு வரும். சொந்த ரூட்டரை 192.168.10.1க்கு மாற்றிவிடுங்கள். கீழே அந்த முகவரியையே பயன்படுத்துகிறேன்.

அடுத்தது சேமிப்பிடம். ரூட்டரின் ஃப்ளாஷ் 16 அல்லது 128 மெகாபைட் இருக்கும். ஐபிஎக்ஸ்இக்குப் போதும், லினக்ஸ் கோப்புகளுக்குப் போதாது. ஒரு யூஎஸ்பி டிரைவைச் செருகுங்கள். ‘சிஸ்டம்’ பட்டியலில் ‘சாஃப்ட்வேர்’ பக்கம் போய் பிளாக்-மவுன்ட், கேமாட்-யூஎஸ்பி-ஸ்டோரேஜ், கேமாட்-எஃப்எஸ்-இஎக்ஸ்டி4 மூன்றையும் நிறுவுங்கள். டிரைவை இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்து, ‘மவுன்ட் பாயின்ட்ஸ்’ பக்கத்தில் நிரந்தரமாக மவுன்ட் செய்யுங்கள். சாதனப் பெயரை நம்பாமல் யூயூஐடி (டிரைவின் மாறாத தனி எண்) மூலம் அடையாளம் கொடுங்கள்; இன்னொரு டிரைவைச் செருகிய அன்று பெயர் மாறிவிடும். ஃபேட்32 போட்டாலும் ஓடும், ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. டிரைவில் இரண்டு ஃபோல்டர் உருவாக்குங்கள்: ஒன்று டிஎஃப்டிபிக்கு, ஒன்று ஹெச்டிடிபிக்கு. ஃபோல்டர்களுக்கு அனுமதி 755, கோப்புகளுக்கு 644. எல்லோரும் படிக்கலாம் என்ற அனுமதி இல்லாத கோப்பை டிஎன்எஸ்மாஸ்க் தராமல் போகலாம். டிஎஃப்டிபி ஃபோல்டருக்கு வெளியே சுட்டும் சிம்லிங்க் வேண்டாம், கோப்பையே நகலெடுத்து வையுங்கள்.

கணினியிலிருந்து ரூட்டருக்குக் கோப்பை அனுப்ப எஸ்சிபி பயன்படுத்துவோருக்கு ஒரு தடை காத்திருக்கிறது. ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.0 (2022) முதல் எஸ்சிபி உள்ளுக்குள் எஸ்எஃப்டிபியைத்தான் பயன்படுத்துகிறது. ஓபன்டபிள்யூஆர்டியில் இருக்கும் டிராப்பேர் என்ற எஸ்எஸ்ஹெச் சர்வரிலோ எஸ்எஃப்டிபி சர்வர் கிடையாது. ‘எஸ்எஃப்டிபி-சர்வர்: நாட் ஃபவுண்ட்’ என்று முகத்தில் அடித்தாற்போல் வரும். எஸ்சிபி கட்டளையோடு பெரிய எழுத்து ‘ஓ’ விருப்பத்தைச் சேர்த்தால் பழைய முறையில் போகும். அல்லது ரூட்டரில் ஓபன்எஸ்எஸ்ஹெச்-எஸ்எஃப்டிபி-சர்வர் பொதியை நிறுவினால் ஃபைல்ஜில்லா போன்றவையும் வேலை செய்யும். இதை வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் எஃப்டிபியை நிறுத்திவிடுங்கள். கடவுச்சொல்லை அப்பட்டமாக அனுப்பும் ஒன்றுக்கு இனி வீட்டில் வேலையில்லை.

இப்போது அமைப்பு. ரூட்டரின் இணையப் பக்கத்தில் ‘நெட்வொர்க்’, அதற்குள் ‘டிஹெச்சிபி அண்டு டிஎன்எஸ்’, அதில் டிஎஃப்டிபி என்ற பெயருள்ள தாவல். டிஎஃப்டிபி சர்வரை இயக்கி, ரூட் என்ற இடத்தில் டிஎஃப்டிபி ஃபோல்டரின் முழுப் பாதையைக் கொடுங்கள். ‘நெட்வொர்க் பூட் இமேஜ்’ கட்டத்தில் ஒரே ஒரு கோப்பின் பெயரைத்தான் கொடுக்க முடியும். மூன்று கணினியும் ஒரே வகை என்றால் அதுவே போதும். ஆனால் பழைய கணினி பயாஸ் முறையிலும் புதியது யூஇஎஃப்ஐ முறையிலும் எழும்; இரண்டுக்கும் கோப்பு வேறு. பயாஸுக்கு அன்டையான்லி.கேபிஎக்ஸ்இ, 64 பிட் யூஇஎஃப்ஐக்கு ஐபிஎக்ஸ்இ.இஎஃப்ஐ. அதனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, இடிசி அடைவில் உள்ள டிஎன்எஸ்மாஸ்க்.கான்ஃப் கோப்பில் எழுதுவது நல்லது. ஓபன்டபிள்யூஆர்டி அதையும் சேர்த்தே படிக்கும்.

அங்கே எழுத வேண்டியவை டேக் (கணினியின் வகையைக் குறிக்கும் அடையாளச் சீட்டு) ஒட்டும் வரிகளும், டேக் பார்த்துக் கோப்பைக் கொடுக்கும் வரிகளும். கணினி தன் வகையை டிஹெச்சிபி விருப்பம் 93இல் சொல்லும்: 0 என்றால் பயாஸ், 6 என்றால் 32 பிட் யூஇஎஃப்ஐ, 7 அல்லது 9 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ, 11 என்றால் 64 பிட் ஆர்ம். நடைமுறையில் 64 பிட் கணினிகள் பெரும்பாலும் 7 என்றே சொல்லும், இருந்தாலும் 7, 9 இரண்டுக்கும் ‘டிஹெச்சிபி-மேட்ச்’ வரி போட்டு ஒரே டேக்கைக் கொடுங்கள். ஐபிஎக்ஸ்இ அனுப்பும் விருப்பம் 175 வந்தால் ‘ஐபிஎக்ஸ்இ’ என்ற இன்னொரு டேக்.

இந்தக் கடைசி டேக்தான் உயிர்நாடி. ஐபிஎக்ஸ்இ ஏறியதும் தானும் ஒருமுறை டிஹெச்சிபி கேட்கும். அதற்கும் அதே கோப்பைக் கொடுத்தால் ஐபிஎக்ஸ்இ மறுபடி ஐபிஎக்ஸ்இயை இறக்கும், அது மறுபடி கேட்கும். செக்குமாடுபோல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே ‘டிஹெச்சிபி-பூட்’ வரிகள் மூன்று. ஐபிஎக்ஸ்இ டேக் உள்ளவருக்கு ஹெச்டிடிபி முகவரியிலுள்ள பட்டியல் கோப்பு. யூஇஎஃப்ஐ டேக் உண்டு, ஐபிஎக்ஸ்இ டேக் இல்லை என்றால் ஐபிஎக்ஸ்இ.இஎஃப்ஐ. இரண்டும் இல்லையென்றால் அன்டையான்லி. ‘இல்லை’ என்பதை டேக் பெயருக்கு முன் ஓர் ஆச்சரியக்குறி இட்டுச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால், ஐபிஎக்ஸ்இ கேட்கும்போது இரண்டு வரி பொருந்தி, எது போகும் என்பது உங்கள் கையில் இல்லை.

அதே கோப்பில் ‘டிஎஃப்டிபி-நோ-ஃபெயில்’ என்ற வரியையும் சேருங்கள். டிஎஃப்டிபி ஃபோல்டர் கிடைக்காவிட்டால் மொத்தமாகத் தொடங்க மறுப்பது டிஎன்எஸ்மாஸ்க்கின் இயல்பு. யூஎஸ்பி டிரைவைப் பிடுங்கிய பிறகு ரூட்டரை மறுபடி இயக்கினால் பூட் மட்டுமல்ல, டிஹெச்சிபியும் டிஎன்எஸும் சேர்ந்து போய், வீட்டில் ஒருவருக்கும் இணையம் இராது. அந்த ஒரு வரி இதைத் தடுக்கும். டிரைவ் மெதுவாக மவுன்ட் ஆகி, கோப்பு இருந்தும் ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ வந்தால் டிஎன்எஸ்மாஸ்க்கை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஹெச்டிடிபிக்கு, ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் தரும் யூஹெச்டிடிபிடியே போதும். ஆனால் அந்தப் பக்கத்தோடு கலக்காதீர்கள். அதன் அமைப்புக் கோப்பில் புதிய பிரிவு ஒன்று தொடங்கி, 192.168.10.1 முகவரியில் 8080ஆம் போர்ட்டில் கேட்கவும், யூஎஸ்பியிலுள்ள ஹெச்டிடிபி ஃபோல்டரைக் காட்டவும் சொல்லுங்கள். 80ஆம் போர்ட்டையே பயன்படுத்தினால், ‘ஹெச்டிடிபிஎஸ்க்குத் திருப்பு’ என்ற அமைப்பு இயங்கும்போது ஐபிஎக்ஸ்இ ரூட்டரின் சுயச் சான்றிதழைப் பார்த்து, நம்ப மறுத்து நின்றுவிடும்.

ஹெச்டிடிபி ஃபோல்டரில் டெபியன் லினக்ஸின் நெட்பூட் தொகுப்பிலிருந்து ‘லினக்ஸ்’, ‘இனிட்ஆர்டி.ஜிஇசட்’ இரண்டையும் வையுங்கள். பட்டியல் கோப்பு நான்கு வரிதான்: முதல் வரியில் ஹேஷ், ஆச்சரியக்குறி, ஐபிஎக்ஸ்இ, அடுத்து ‘கெர்னல்’ என்ற சொல்லும் லினக்ஸ் கோப்பின் முகவரியும், பிறகு ‘இனிட்ஆர்டி’யும் அதன் முகவரியும், கடைசியில் ‘பூட்’. யூஇஎஃப்ஐ கணினிகளுக்குக் கெர்னல் வரியின் கடைசியில் ‘இனிட்ஆர்டி=’ என்று எழுதி அந்தக் கோப்பின் பெயரைச் சேர்க்க மறக்காதீர்கள். பயாஸில் இது இல்லாமலே ஓடுவதால், ஒரு கணினியில் சரியாகி இன்னொன்றில் கெர்னல் பேனிக் வரும்; காரணம் தேடித் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். விண்டோஸ் நோட்பேடில் எழுதுபவர்கள் யூடிஎஃப்-8 என்றே சேமியுங்கள், பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் வரும் கண்ணுக்குத் தெரியாத குறி) சேர்க்க வேண்டாம். கோப்பின் முதல் எழுத்து ஹேஷாக இல்லாவிட்டால் ஐபிஎக்ஸ்இ அதைத் தன் பட்டியலாக ஏற்காது.

உபுண்டு சர்வர் வேண்டுமென்றால் மினி பிசியின் ரேமைப் பாருங்கள். அதன் நெட்பூட் முறை முழு ஐஎஸ்ஓவையும் நினைவகத்துக்குள் இறக்குகிறது, ஐஎஸ்ஓவே 2 ஜிபிக்கு மேல். 4 ஜிபி ரேம் கணினியில் மூச்சுத் திணறும். அப்படிப்பட்ட பழைய பெட்டிகளுக்கு டெபியனே நல்ல துணை.

மினி பிசியைத் தொடும் முன் மடிக்கணினியிலிருந்து சோதியுங்கள். மேக்கிலும் லினக்ஸிலும் கர்ல் கட்டளைக்கு டிஎஃப்டிபி முகவரியைக் கொடுத்தால் கோப்பு இறங்கும். விண்டோஸில் ‘டிஎஃப்டிபி கிளையன்ட்’ அம்சத்தை இயக்க வேண்டும், ஃபயர்வாலிலும் அனுமதி வேண்டும். டிஎஃப்டிபியில் கேள்வி 69க்குப் போனாலும் பதில் வேறொரு போர்ட்டிலிருந்து வருவதால் ஃபயர்வால் அதை அந்நியனாகப் பார்த்துத் தடுக்கும். பிரவுசரில் 8080 முகவரியும் திறக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் சரியென்றால் மீதிப் பிழை கணினிப் பக்கம்தான்.

மினி பிசியின் பயாஸ் அமைப்பில் நெட்வொர்க் ஸ்டாக் இயங்க வேண்டும். டெல் பெட்டிகளில் ஒருங்கிணைந்த என்ஐசி என்ற பகுதியில் ‘எனேபிள்டு வித் பிஎக்ஸ்இ’ என்றிருக்கும். பூட் பட்டியல் டெல்லிலும் லெனோவாவிலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் பட்டியலில் இருந்தால் ஐபிவி4ஐத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன அமைப்பு ஐபிவி4க்கு மட்டும்தான், மற்றது வீணாகக் காத்திருக்கும்.

திரையில் வரும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். பிஎக்ஸ்இ-இ61 என்றால் கேபிள். இ51, யூஇஎஃப்ஐயில் இ16 என்றால் டிஹெச்சிபி பதிலே வரவில்லை: தவறான பெட்டியில் செருகியிருக்கலாம், அல்லது நடுவிலுள்ள மேனேஜ்டு சுவிட்சில் ஸ்பானிங் ட்ரீ (இணைப்பு வளையங்களைத் தடுக்கும் முறை) ஓடி, போர்ட் திறக்க 30 விநாடி எடுத்துக்கொள்கிறது, அந்த போர்ட்டுக்குப் போர்ட்ஃபாஸ்ட் (உடனே திறக்கும் அமைப்பு) கொடுங்கள். உங்களுக்கு வந்த இ53 என்றால் முகவரி வந்தது, கோப்பின் பெயர் வரவில்லை. இ32 என்றால் பெயர் வந்தது, டிஎஃப்டிபி சர்வர் பேசவில்லை. டி01, யூஇஎஃப்ஐயில் இ23 என்றால் சர்வர் பேசியது, கோப்பு இல்லை என்றது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் அனுமதியையும் பாருங்கள். ரூட்டரில் ‘லாக்-டிஹெச்சிபி’ வரியைச் சேர்த்து லாக்ரீட் கட்டளையை ஓட்டிப் பார்த்தால், எந்தக் கணினிக்கு எந்த டேக் ஒட்டியது, எந்தக் கோப்பைக் கேட்டது என்று வரி வரியாகத் தெரியும்.

‘என்பிபி ஃபைல் டவுன்லோடட் சக்சஸ்ஃபுல்லி’ (பூட் கோப்பு இறங்கிவிட்டது) என்று சொல்லிவிட்டு மறுபடி பூட் பட்டியலுக்கே வந்தால் இரண்டு காரணங்கள்: யூஇஎஃப்ஐ கணினிக்கு பயாஸ் கோப்பு போயிருக்கிறது, அல்லது செக்யூர் பூட் தடுக்கிறது. கையொப்பமிடாத ஐபிஎக்ஸ்இயைச் செக்யூர் பூட் ஏற்காது. நிறுவும் நேரத்துக்கு அதை அணைத்துவிடுங்கள். அணைக்க மனமில்லையென்றால் டெபியன் அல்லது உபுண்டு கையொப்பமிட்ட ஷிம், க்ரப் என்ற பூட் நிரல்களின் நெட் கோப்புகளை வைக்கலாம். ஷிம் அடுத்ததாக க்ரப்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற பெயரைத்தான் தேடும், அதனால் க்ரப் கோப்பை அந்தப் பெயருக்கு மாற்ற வேண்டும். பிட்லாக்கர் வட்டு மறையாக்கம் உள்ள விண்டோஸ் கணினியில் செக்யூர் பூட்டைத் தொட்டால் அடுத்த முறை மீட்பு விசை கேட்கும். அது கையில் இல்லாமல் தொடாதீர்கள்.

சொந்த ரூட்டர் இல்லாமல் ஓஎன்ஆர் பெட்டி மட்டும் வைத்திருப்போருக்கும் வழி உண்டு. அந்தப் பெட்டிகளில் பூட் கோப்பின் பெயரைக் கொடுக்கப் பெரும்பாலும் இடமே இராது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்றைக் கேபிளில் இணைத்து, நிலையான முகவரி கொடுத்து, டிஎன்எஸ்மாஸ்க்கை ப்ராக்ஸி டிஹெச்சிபியாக ஓட்டுங்கள். ‘டிஹெச்சிபி-ரேஞ்ச்’ வரியில் முகவரி வரம்புக்குப் பதிலாக நெட்வொர்க் முகவரியும் ‘ப்ராக்ஸி’ என்ற சொல்லும்; ‘போர்ட்=0’ என்று டிஎன்எஸை அணைக்கவும்; ‘டிஹெச்சிபி-பூட்’ வரிகளில் ஐபிஎக்ஸ்இ டேக்குக்கு உரியது மட்டும் இருக்கட்டும், மற்ற இரண்டுக்குப் பதில் ‘பிஎக்ஸ்இ-சர்வீஸ்’ வரிகள். முகவரியை ஓஎன்ஆர் கொடுக்கும், கோப்பின் பெயரை மட்டும் பை சொல்லும். இரண்டும் மோதாது. இரண்டாவது முழு டிஹெச்சிபி சர்வரை மட்டும் ஓட்டிவிடாதீர்கள். எந்தச் சாதனத்துக்கு எது முந்திப் பதில் சொல்லும் என்பது தெரியாமல் வீட்டின் பாதிச் சாதனங்கள் தவறான கேட்வேயைப் பிடித்துக்கொள்ளும். ப்ராக்ஸி யூடிபி 4011 போர்ட்டையும் பயன்படுத்தும், பையில் ஃபயர்வால் போட்டிருந்தால் 67, 69, 4011 மூன்றையும் திறக்க வேண்டும்.

டிஎஃப்டிபியையும் 8080ஐயும் வேன் பக்கம் ஒருபோதும் திறக்காதீர்கள். இயல்பு ஃபயர்வால் தடுத்தே வைத்திருக்கும், அதைக் கலைக்காமல் விட்டால் போதும். நிறுவி முடித்ததும் ஒவ்வொரு மினி பிசியிலும் பூட் வரிசையில் உள்வட்டை முதலில் வையுங்கள். பதில்களை எல்லாம் ப்ரிசீட் கோப்பில் எழுதித் தானாக நிறுவும்படி செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: நெட்வொர்க் முதலில் இருந்தால், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் வட்டை அழித்துப் புதிதாக நிறுவத் தொடங்கிவிடும். ஐபிஎக்ஸ்இ பட்டியலில் பத்து விநாடி காத்திருந்து, யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘எக்ஸிட்’ ஆகும்படி எழுதினால் அந்தப் பயமும் இல்லை.